சாக்குக்கு இரண்டு கிலோ

"ரெண்டைக் கழி."

லொறிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்த நெல் யாவாரி, தலையை நிமிர்த்தாமலே சொன்னார். என்னுடைய முதல் மூடை தராசில் இருந்தது. தராசின் சிவப்பு எழுத்து நாற்பத்திரண்டு என்று காட்டியது. அவருடைய ஆள் கொப்பியில் நாற்பது என்று எழுதினான்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. புதிதாகக் கேட்ட வார்த்தை அல்ல அது. ஒவ்வொரு அறுவடைக்கும் உள்ளே இருந்தபடி கேட்டிருக்கிறேன், தலையாட்டியும் இருக்கிறேன். ஆனால் அதுவரை மூடை நிறுக்கும்போது நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன். நிறுவை விஷயத்தை என் கணவர் பார்த்துக்கொள்வார். அவர் போய்ச் சேர்ந்தபின் வந்த முதல் காலபோக அறுவடை இது. தராசுக்குப் பக்கத்தில் நானே நின்றேன்.

"என்னத்துக்குத் தம்பி ரெண்டு?"

"சாக்குக் கழிவு அன்ரி."

"சாக்கு ரெண்டு கிலோவோ?"

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். நல்ல மரியாதையான சிரிப்பு. "அது வழமை அன்ரி. எல்லாரிட்டையும் அப்பிடித்தான்."

யாவாரிக்குப் பெயர் உண்டு. அதை எழுதி அவரைப் பெரியவராக்க எனக்கு விருப்பமில்லை. அவர் கெட்ட வார்த்தை பேசுகிறவர் அல்ல. கோயிலுக்குக் கொடுப்பவர், செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வருபவர். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சட்டைப் பையில் கை விட்டு எடுக்கிறவன் "கோவிக்காதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே எடுத்தால் எப்படி இருக்கும்?

தராசு என் தொழில்

இந்தப் பத்திரிகைத் தொடரை இன்றுதான் முதலில் கையில் எடுப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பது வருடத்துக்கு மேலாக வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள். சனம் என்னை "மிஸி" என்று கூப்பிடும். புளியங்குளத்தில் தொடங்கி, முல்லைத்தீவுக் கரை வரைக்கும் சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்த்து, பிள்ளை நிறுத்திருக்கிறேன். இப்போது பரந்தனுக்கு அப்பால், என் அப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணியில் இருக்கிறேன்.

பிள்ளை நிறுக்கும் தராசைப் பார்க்காத தாய் இந்த நாட்டில் இருக்கமாட்டாள். வட்டமான முகம், ஒரு முள், கீழே ஒரு கொழுக்கி. கொழுக்கியில் காற்சட்டை மாதிரி ஒரு பை தொங்கும். அந்தப் பைக்குள் பிள்ளையின் இரண்டு காலையும் விட்டுத் தொங்கவிட்டால், பிள்ளை வீறிட்டுக் கத்தும், முள் ஆடும், நாங்கள் முள் நிற்கும்வரை பார்த்து எழுதுவோம்.

அதற்குமுன் செய்யும் ஒரு வேலை இருக்கிறது. வெறும் பையை முதலில் கொழுக்கியில் மாட்டி, தராசின் பின்னால் உள்ள திருகைத் திருகி, முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்த வேண்டும். பையின் பாரம் பையோடு போய்விடும். பிறகு காட்டுவது பிள்ளையின் நிறை மட்டும்தான். பயிற்சியின் முதல் நாளே இதைத்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

பூச்சியத்தில் நிறுத்துவது. இதை யார் முதலில் யோசித்தாரோ எனக்குத் தெரியாது. புகைவண்டியைக் கண்டுபிடித்தவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்தத் திருகைக் கண்டுபிடித்தவரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் உலகத்தில் நடக்கிற வாங்கல் விற்றல் முழுதும் இந்தச் சின்னத் திருகில்தான் நிற்கிறது. கடையில் வாங்கும் பிஸ்கற் பெட்டியில் "தேறிய நிறை" என்று போட்டிருக்கிறதே, அதுவும் இதுதான். தாளின் பாரமும் பெட்டியின் பாரமும் போக உனக்குக் கிடைப்பது இவ்வளவு என்று நேர்மையாகச் சொல்கிற இரண்டு வார்த்தைகள். எங்களுக்கு விற்கும்போது தேறிய நிறை. எங்களிடம் வாங்கும்போது சாக்குக் கழிவு. இந்த வித்தியாசத்தைத்தான் நான் அன்று லொறியடியில் கண்டுபிடித்தேன், அறுபது வயது கழிந்த பிறகு.

யாவாரி கொண்டுவந்த தராசிலும் அந்தத் திருகு இருந்தது. இந்தக் காலத்தில் அது ஒரு பொத்தான். வெறும் சாக்கை வைத்து அமத்தினால் தராசு தானே பூச்சியத்துக்குப் போகும். அந்தப் பொத்தான்மேல் விரல் பட்ட அடையாளமே இல்லை. தராசோடு வந்த பிளாஸ்ரிக் தாள்கூட அதன்மேல் ஒட்டினபடியே இருந்தது.

புசல் போய்க் கிலோ வந்த பிறகு

இந்தக் கழிவு எங்கிருந்து வந்தது?

அப்பா குடியேறிய காலத்தில் நெல்லை நிறுப்பதில்லை, அளப்பார்கள். புசல் என்பார்கள், கொத்து என்பார்கள். மரத்தால் செய்த அளவுப் பெட்டிக்குள் நெல்லைக் கொட்டி, மேலே ஒரு தடியால் வழித்துவிட்டால் ஒரு அளவு. அதில் சாக்குக்கு ஒரு கதையும் இல்லை. சாக்கு வெளியே கிடக்கும். அதற்காக அந்தக் காலத்து யாவாரி உத்தமன் என்று சொல்லவரவில்லை. கும்பமாக அளந்து வாங்கி, வழித்து விற்றவர்களை அப்பா பெயர் சொல்லித் திட்டுவார்.

பிறகு கிலோ வந்தது. நெல்லைச் சாக்கோடு தூக்கித் தராசில் வைத்தார்கள். அந்தக் காலத்துச் சாக்கு சணல் சாக்கு. நடுவில் நீலக் கோடு போட்டிருக்கும், மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் மண்ணெண்ணெய் மணக்கும். வெறும் சாக்கே ஒரு கிலோ வரும். மழை ஈரம் குடித்தால் அதற்கு மேலும் வரும். அதற்கு ஒரு கழிவு போட்டது நியாயம்தான். நானும் அந்த நியாயத்தை மறுக்கவில்லை.

ஆனால் சணல் சாக்கு போய் எத்தனை காலம்! இப்போது நாங்கள் நெல் கட்டுவது உரப்பையில். பிளாஸ்ரிக் நாரைப் பின்னிச் செய்த வெள்ளைப் பை. காற்று அடித்தால் வேலிக்கு மேலால் பறந்து அடுத்த வளவுக்குப் போய்விடும். கழிவோ அப்படியே நிற்கிறது. சாக்கு இளைத்து இளைத்து ஒன்றுமில்லாமல் போனது. சாக்குக் கழிவு மட்டும் ஒன்றிலிருந்து இரண்டாகக் கொழுத்தது.

தமிழில் சாக்கு என்றால் பையும்தான், பொய்க் காரணமும்தான். இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றாகப் பொருந்துகிற இடம் உலகத்திலேயே எங்கள் நெல் லொறியடிதான் என்று நினைக்கிறேன்.

உரப்பைக்கு வணக்கம்

இந்த இடத்தில் உரப்பையைப் பற்றி நாலு வரி சொல்லாமல் போனால் நன்றி கெட்டவள் ஆவேன்.

பொருளாதாரம் என்றால் பங்குச்சந்தை, வங்கி என்று பேசுகிறவர்கள் வன்னிக்கு வந்து ஒரு வெறும் யூரியாப் பையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். உரம் வராத காலத்திலும் எங்களிடம் உரப்பை இருந்தது. அதை வெட்டிப் பள்ளிக்கூடப் பை தைத்தோம். நாலைச் சேர்த்துத் தைத்துப் பாய் ஆக்கினோம். கூரை ஒழுகிய இடத்துக்கு அதுதான் ஓடு. கதவில்லாத கக்கூசுக்கு அதுதான் கதவு. மண் நிரப்பிப் பங்கருக்கு மேல் அடுக்கினோம். ஓடும்போது உடுப்பும் அடையாள அட்டையும் அரிசியும் அதற்குள்தான். அதற்குள் நான் கண்ட வேறு சிலவற்றை இங்கே எழுதமாட்டேன்.

ஒரு பையை ஊர் பேர் தெரியாத யாரோ கண்டுபிடிக்க, அதை நம்பி ஒரு சனமே உயிர் தப்பியிருக்கிறது. அந்தப் பையின் பாரம் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாதா? தலையிலும் தோளிலும் சுமந்த எங்களுக்கா?

சரி, லொறியடிக்கு வருகிறேன்.

ஒரு சின்னக் கோடு

நான் விறுவிறென்று வீட்டுக்குள் போனேன். அலுமாரிக்கு மேல் என் பழைய தராசு இருந்தது. கண்ணாடி வெடித்துவிட்டது என்று நான் வேலை செய்த கந்தோரில் அதைக் கழித்து ஒதுக்கியிருந்தார்கள். ஓய்வு பெற்ற அன்று கேட்டு வாங்கி வந்தேன். முள்ளும் வில்லும் நல்ல சுகம்.

அதைக் கொண்டுவந்து லொறிக்குப் பக்கத்து வேப்பங்கொப்பில் மாட்டினேன். திருகிப் பூச்சியத்தில் நிறுத்தினேன். வெறும் உரப்பை ஒன்றை மடித்துக் கொழுக்கியில் தொங்கவிட்டேன். ஒழுங்கைக் கரையில் தங்கள் மூடைகளோடு காத்து நின்ற சனம் முழுதும் கிட்ட வந்தது.

முள் ஒரே ஒரு சின்னக் கோடு நகர்ந்தது.

"நூறு கிராம்," என்று நான் சத்தமாகச் சொன்னேன். கிளினிக்கில் சொல்வதுபோலவே வந்துவிட்டது குரல். "தம்பி, வந்து பாரும். நூறு கிராம். நீர் கழிக்கிறது ரெண்டு கிலோ. ரெண்டு கிலோ எவ்வளவு எண்டு தெரியுமோ உமக்கு? நான் எத்தினை பிள்ளையளை ரெண்டு கிலோவிலை கையிலை ஏந்தியிருக்கிறன் எண்டு தெரியுமோ?"

அவர் தராசைப் பார்க்கவே இல்லை. "அன்ரி, நான் போடுற கழிவில்லை இது. மில்லிலை எனக்கும் கழிக்கிறாங்கள்."

"அப்ப மில்லிலை போய்ச் சண்டை பிடியும்."

"உங்களுக்கு விருப்பமில்லை எண்டால் விடுங்கோ. நான் எடுக்கேல்லை." எழும்பிக் கதிரையை மடித்தார். குரல் இன்னும் மரியாதையாகத்தான் இருந்தது. "உங்கடை மட்டுமில்லை. இந்த ஒழுங்கையிலை ஒருத்தரின்ரையும் எடுக்கேல்லை. மழையும் வருது. நான் அடுத்த ஒழுங்கைக்குப் போறன்."

அவருடைய ஆட்கள் என்னுடைய ஒற்றை மூடையை இறக்கி வைத்துவிட்டுத் தராசைத் தூக்கி ஏற்றினார்கள். லொறி போனது.

கிழக்கே, முல்லைத்தீவுக் கடல் பக்கமாக, வானம் கறுத்துக் கிடந்தது.

யோகத்தின் நாற்பத்தொரு மூடை

அப்போதுதான் நான் யோகத்தைப் பார்த்தேன்.

யோகம் என் வளவுக்கு எதிர் வளவு. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு தனி ஆள். ஒன்றரை ஏக்கர் வயல், உயர்தர வகுப்பில் படிக்கும் ஒரு மகள், வீட்டுத்திட்டத்தில் கட்டிய ஒரு வீடு. வீட்டின் ஒரு பாதிக்கு இன்னும் கூரை போடவில்லை. போன வருடம் கதிர் தள்ளும் நேரத்தில் வெள்ளம் வந்து வயலை வழித்துக்கொண்டு போனது. இந்த வருடம் அவளுக்குக் கிடைத்தது நாற்பத்தொரு மூடை. அந்த நாற்பத்தொன்றும் றோட்டுக் கரையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

முன்பென்றால் வெட்டி, கட்டுகளைக் குவித்துச் சூடு வைத்து, ஆறுதலாக அடிப்பார்கள். நெல் வைக்கோலோடு சூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். யாவாரி காத்திருப்பான். இப்போது வெட்டு மெசின் வந்து ஒரு மணித்தியாலத்தில் வெட்டி, அடித்து, தூற்றி ஈர நெல்லாகக் கையில் தந்துவிடுகிறது. ஒரே கிழமையில் எல்லோருடைய நெல்லும் றோட்டில். இப்போது காத்திருப்பது நாங்கள். நல்ல கண்டுபிடிப்புத்தான், முதுகு முறிந்த எங்களுக்குத் தெரியும் அதன் அருமை. ஆனால் அது மிச்சம் பிடித்துத் தந்த நேரம் எங்களிடம் வந்து சேரவில்லை, யாவாரியின் மடிக்குள் போய்விட்டது.

முதல் துளி விழுந்தது. நெல் மூடை மழையில் ஊறினால் மூன்று நாளில் முளை கட்டும். பிறகு மாட்டுக்குத்தான்.

"என்ரை வீட்டை கொண்டுவாங்கோ!" என்று கத்தினேன்.

தூக்கினோம். யோகம், அவளுடைய மகள், நான், பக்கத்து வளவுத் தவராசா அண்ணை. என்னுடையதும் அண்ணையுடையதும் ஏற்கெனவே கொட்டிலுக்குள் இருந்தன, மற்றவர்கள் தங்கள் மூடைகளைத் தங்கள் வீட்டுக்குள் இழுத்தார்கள். மூடைகளை மண்டபத்தில், விறாந்தையில், குசினியில் அடுக்கினோம். என் கட்டிலுக்கு மேல் ஒன்பது மூடை. சாமிப்படத்தடியில் மூன்று. கடைசி ஆறு ஏழு மூடைக்கு மழை நல்லாகவே அடித்துவிட்டது. எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது பின்னேரம் நாலு மணி இருக்கும். நாலு பேரும் நெல் சுணையோடு நனைந்து, சொறிந்துகொண்டு நின்றோம்.

தவராசா அண்ணை சால்வையைப் பிழிந்தார். "மிஸி, உங்களுக்கு உந்த வேலை தேவையோ? ரெண்டு கிலோவாலை சாகிறமோ நாங்கள்? இப்ப நாளைக்கு அவன் வராட்டி?"

நான் அவருக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். யோகம் முந்திக்கொண்டாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. மூடைக்கு மேல் இருந்து, தலைமயிரைத் துவட்டிக்கொண்டு சொன்னாள்.

"மிஸியக்கா, உங்களுக்குப் பென்சன் வருது. உங்களுக்குக் கோவம் கட்டும். எனக்குக் கட்டாது."

முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். ஒருவரும் இப்படிச் சரியான இடத்தில் குத்தவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் நியாயத்துக்காக அவளுடைய நெல்லை மழையில் நிற்க வைத்திருக்கிறேன்.

மாமரத்துக் கிளினிக்

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். யோகம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மூலையில் நான் திரும்பக் கொண்டுவந்து தொங்கவிட்டிருந்த தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உது அந்தத் தராசோ?"

"ஓம். அதேதான்."

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன யுத்தத்தின் கடைசிக் காலத்தில், ஒரு மாமரத்துக்குக் கீழே கிளினிக் நடத்தினோம். இந்தத் தராசு மாங்கொப்பில் தொங்கியது. கையில் கொஞ்சம் சத்துமாப் பைக்கற்றுகள் இருந்தன. எல்லோருக்கும் கொடுக்கக் காணாது. வளர்ச்சி அட்டையில் ஒரு கோடு இருக்கிறது, அந்தக் கோட்டுக்குக் கீழே நிறை போன பிள்ளைக்கு மட்டும்தான் மா என்று கட்டளை. கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை நின்றாலும் இல்லை. அந்தக் கோடும் ஒரு கண்டுபிடிப்புத்தான். எங்கேயோ ஒரு மேசையில், வயிறு நிரம்பின யாரோ கீறியது.

யோகம் ஐந்து மாதப் பெண்பிள்ளையோடு வரிசையில் நின்றாள். நிறுத்தேன். ஐந்து கிலோ அறுநூறு. கோட்டுக்கு மேலே. யோகத்தைப் பார்த்தேன், பால் வற்றிப்போனது பார்த்தவுடனேயே தெரிந்தது. பக்கத்தில் பதிவு எழுதும் உத்தியோகத்தர் "எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஐஞ்சு முந்நூறு," என்றேன்.

"முள்ளு ஐஞ்சு அறுநூறிலை நிண்டதுபோலை..."

"சட்டைக்கு முந்நூறு கழிச்சனான்."

அவர் எழுதினார். மா கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த மாமரத்தடியில் எத்தனை பிள்ளைக்குச் சட்டைக் கழிவு போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. பிடிபட்டிருந்தால் வேலை போயிருக்கும். இன்றுவரை இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. யோகத்துக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"மிஸியக்கா," என்றாள் யோகம், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "அண்டைக்கு நீங்கள் சட்டைக்குக் கழிச்சனான் எண்டு சொன்னது எனக்குக் கேட்டது. பிள்ளை சட்டை போட்டிருக்கேல்லை."

அவளுடைய மகள், அந்த ஐந்து மாதப் பிள்ளை, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இல்லாத சட்டைக்கு நானும்தான் கழித்திருக்கிறேன். அப்படியென்றால் யாவாரியைத் திட்ட எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். கேளுங்கள், பதில் சொல்கிறேன். நான் கழித்தது ஒரு பிள்ளையின் வாய்க்குள் போனது. அவர் கழிப்பது எங்கே போகிறது?

சாக்கைத் தாங்கோ

அடுத்த நாள் காலை மழை விட்டிருந்தது. யோகமே யாவாரிக்குப் போன் எடுத்தாள். வாசலில் நின்று, "ஓம் அண்ணை, ஓம். இண்டைக்கு ஒரு பிரச்சினையும் வராது. வாங்கோ," என்றாள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாயை நானே கட்டிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

லொறி வந்தது. கதிரை விரிந்தது. யாவாரி ஒரு மூடைக்குள் கை விட்டு, ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார்.

"சாக்குக்கு ரெண்டு. ஈரத்துக்கு ஒண்டு. மூண்டைக் கழி."

ஈரமான மூடை ஆறோ ஏழோ. கழிவு நாற்பத்தொன்றுக்கும். என் நாக்கு துடித்தது. யோகம் என்னைப் பார்த்துக் கையால் பொறுங்கோ என்று காட்டினாள்.

மூடை மூடையாக ஏறியது. நாற்பத்தொன்றும் ஏறி முடிந்தது. யாவாரி கொப்பியை மூடிக்கொண்டு எழும்பினார். யோகம் லொறியின் பின்கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணை, சாக்கைத் தாங்கோ."

"என்ன சாக்கு?"

"என்ரை சாக்கு. நாப்பத்தொண்டு."

அவர் சிரித்தார். "நெல்லு அதுக்கை எல்லோ தங்கச்சி கிடக்கு?"

"நெல்லு உங்கடை. அதை நான் வித்துப்போட்டன். சாக்கை நான் விக்கேல்லை. நீங்கள்தான் சாக்கைக் கழிச்சுப்போட்டியளே. கழிச்ச சாமானை எப்பிடிக் கொண்டுபோவியள்? ஈரத்துக்குக் கழிச்சது சரி, மழை பெய்தது உண்மை. சாக்கைத் தாங்கோ."

"இதென்ன பகிடியே?"

"பகிடி இல்லை அண்ணை. நான் உரத்தோடை வாங்கின சாக்கு. அடுத்த போகத்துக்கு எனக்குத் தேவை."

நான் நாற்பது வருடம் இந்த வழமையைக் கேட்டு வந்திருக்கிறேன். ஒரு நாளும் இது எனக்குப் படவில்லை. கழிவு அநியாயம் என்று தராசு தூக்கிக்கொண்டு நான் நிரூபிக்கப் போனேன். யோகம் கழிவை ஒப்புக்கொண்டு, அதை வைத்தே ஆளை மடக்கிவிட்டாள்.

யாவாரி ஒரு படி இறங்கி வந்தார். "சரி தங்கச்சி, உங்களுக்கு மட்டும் சாக்குக்கு ஒரு கிலோ. ஆருக்கும் சொல்லாதேங்கோ."

"எனக்குக் கிலோ வேண்டாம். சாக்குத் தாங்கோ."

அப்போது பின்னால் ஒரு இருமல். தவராசா அண்ணை, நேற்று என்னை ஏசின அதே தவராசா அண்ணை, சால்வையை உதறித் தோளில் போட்டார். "தம்பி, எனக்கும் சாக்குத் தேவைதான். என்ரை மூடையையும் எடுத்தால், சாக்கைத் திருப்பித் தந்திட்டுப் போ." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் "ஓம், ஓம்" என்றார்கள்.

யாவாரியின் முகத்தில் இருந்த மரியாதை முதன்முதலாகக் கழன்று விழுந்தது. கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. எனக்கு ஏனோ அது ஆறுதலாக இருந்தது. இவ்வளவு காலமும் உள்ளே இருந்ததுதானே வெளியே வந்தது. கோபத்தில் ஆட்களைப் பார்த்து, "அவிழ்த்துக் கொட்டுங்கோடா!" என்றார்.

சாக்கூசியால் தைத்த வாயை ஒவ்வொன்றாக வெட்டி, லொறிப் பெட்டிக்குள் நெல்லைக் கொட்டினார்கள். பலகை இடுக்கால் நெல் ஒழுகியது. அடியில் விரிக்க அவரிடம் படங்கு இல்லை. ஒழுங்கைக் கோழி எல்லாம் லொறிக்குக் கீழே வந்துவிட்டது. மத்தியானம் ஆகும்வரை அந்த வேலை நடந்தது. யோகம் பின்கதவை விட்டு அசையவில்லை, ஒவ்வொரு வெறும் சாக்கையும் கையில் வாங்கி உதறி அடுக்கினாள்.

அடுத்தது தவராசா அண்ணையின் மூடை. தராசில் ஏறியது. எழுதுகிறவன் பேனையோடு யாவாரியைப் பார்த்தான். யாவாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எழுது," என்றார். அவ்வளவுதான். கழி என்று சொல்லவில்லை. என்னுடைய மூடைக்கும் சொல்லவில்லை. கழிக்காத சாக்கை நாங்களும் திருப்பிக் கேட்கவில்லை.

வெற்றி என்று யாரும் எழுந்து கை தட்ட வேண்டாம். அன்று பின்னேரமே அடுத்த ஒழுங்கையில் "ரெண்டைக் கழி" என்று கேட்டதாம். யோகத்துக்குக் கழித்த மூன்று மூன்றாகவே போய்விட்டது, ஒரு கிலோ திரும்பவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த போகம் அவர் வருவாரோ தெரியாது. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

லொறி போனபின் யோகம் சாக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். தராசின் கொழுக்கியில் மாட்டினாள். முள் ஆடியது. நிற்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு கிலோவுக்கு மேலே ஒரு சின்னக் கோடு.

நாற்பத்தொரு சாக்கும் சேர்ந்து அவ்வளவுதான். அதற்காக அவளிடம் எடுத்தது எண்பத்திரண்டு கிலோ, முழுசாக இரண்டு மூடை நெல்.

"எவ்வளவு மிஸியக்கா?"

"நாலு கிலோ நூறு."

"எழுதுங்கோ."

"எங்கை எழுதுறது யோகம்? சாக்குக்கு வளர்ச்சி அட்டை இல்லையே."

"பேப்பரிலை ஒவ்வொரு கிழமையும் என்னவோ எழுதுறியள் எல்லோ? அதிலை எழுதுங்கோ." கட்டைக் கொழுக்கியிலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். வேலிப் படலையடிக்குப் போனவள் திரும்பிப் பார்த்தாள். "இந்தமுறை சட்டைக்குக் கழிக்காமல் எழுதுங்கோ."